வீங்கிய காலும் இடுப்பு மூட்டு ஆபரேஷனும்

(ஏற்காடு மலைக் கிராமங்களில் நடந்த தம்பதியர் கூட்டங்களில் சுகாதாரக் கல்வியாளர் பேசியதின் எழுத்து வடிவம்)



குடும்ப நலக் கூட்டம் என்றதும் பிரசவம், தடுப்பூசி, குழந்தைகளுக்கிடையே இடைவெளி என்று பேசுவேன் என்றுதான் நினைத்து வந்திருப்பீர்கள். இன்றைக்கு அதெல்லாம் இல்லீங்க. இன்று ஒரு காலைப் பற்றிப் பேசப் போகிறேன். வருஷக்கணக்கில் வீங்கிக் கிடக்கும் கால். அதே ஆளுக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன். இரண்டும் சேர்ந்து வரும்போது என்ன ஆகும், வீட்டில் கணவன் என்ன செய்ய வேண்டும், மனைவி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு.

நம் சேர்வராயன் மலையில் சமதளமாக நடக்க எங்கே பாதை இருக்கிறது? எல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான். காப்பிப் பழம் பறிக்கிற மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனியில் பாறை வழுக்கும். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறுகிறோம். வயதான அம்மா வாசற்படியில் இடறி விழுந்தால்கூடப் போதும், தொடை எலும்பின் கழுத்து ஒடிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், நாற்பது வயதுகூட ஆகாத ஆண்பிள்ளைக்கு இடுப்பு மூட்டில் உள்ள எலும்புப் பந்து உளுத்துப் போகிறது. அந்தப் பந்துக்கு இரத்த ஓட்டம் நின்று போவதால் வருவது இது. வருஷக்கணக்காகக் குடிப்பது இதற்கு ஒரு பெரிய காரணம். மூட்டுவலிக்கென்று எவரோ காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற மாத்திரையில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு மருந்து இன்னொரு காரணம். இதைச் சொன்னால் எல்லாக் கூட்டத்திலும் பின்வரிசை ஆண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பரவாயில்லை, குடியைப் பற்றிப் பேச வேறொரு நாள் வைத்திருக்கிறேன்.

இப்படிக் கெட்டுப்போன மூட்டை எடுத்துவிட்டு, உலோகத்தாலும் கெட்டியான பிளாஸ்டிக்காலும் செய்த மூட்டைப் பொருத்துவதற்குத்தான் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று பெயர். 1962-இல் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இதை நல்ல முறையில் நிலைநாட்டினார். இன்று உலகமெங்கும் நடக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவு இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் வந்தது. 2018 முதல் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று ஆயிற்று. இந்த ஆபரேஷனும் அதில் சேர்ந்ததுதான். நில்லாமல் படுத்துக் கிடந்தவர் எழுந்து நடந்து, தன் வேலையைத் தானே செய்துகொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே, ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இதில் குற்றம் என் பேரிலும் உண்டு.

சில வருஷங்களுக்கு முன், லயன் வீட்டில் குடியிருந்த ஒரு அம்மாவுக்கு விழுந்து இடுப்பு ஒடிந்தது. ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு வயதிருக்கும். இடது கால் பத்து வருஷமாக வீங்கியிருந்தது. சாயங்காலமானால் பெருக்கும், விடிந்தால் கொஞ்சம் வற்றும். அதோடேயே மூட்டை சுமந்து பழகிவிட்டார். அதே பக்கத்து இடுப்புதான் ஒடிந்ததும். ஆபரேஷன் நல்லபடி முடிந்து பத்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். "கால் கொஞ்சம் கூடவே வீங்கியிருக்குதுங்க, கெண்டைக்கால் வலிக்குது" என்றார் அவர் வீட்டுக்காரர். அந்த அம்மாவே, "அது எப்பவும் இருக்கிற வீக்கம்தானே, விடுங்க" என்று சொன்னார். நானும் பார்த்தேன். நானும் அப்படியே நினைத்தேன். ஆறின தையலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு வந்துவிட்டேன். இரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறாரா என்று கேட்கவில்லை. புண் ஆறிவிட்டதென்று அதை நிறுத்திவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் மூச்சு முட்டி, நெஞ்சு வலித்து, வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

காலில் கட்டிய இரத்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது. கால் வீங்காதவராக இருந்திருந்தால், திடீரென்று வீங்கியதைக் கண்டதும் நானே பதறிப்போய் அனுப்பியிருப்பேன். வீங்கிய கால் என்பதால் ஏமாந்தேன். பழைய வீக்கம் புது வீக்கத்தை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை.

சரி, கால் ஏன் வருஷக்கணக்கில் வீங்குகிறது? நீங்கள் காப்பித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், உங்களுக்கு விளங்கும்படியே சொல்கிறேன். சரிவில் மழைத்தண்ணீர் வடிய வடிகால் வெட்டி வைக்கிறோம். அதில் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாமல் தேங்கி, செடியின் வேர் அழுகும். உடம்பிலும் அப்படித்தான். இரத்தக் குழாயிலிருந்து கசிகிற நீரைத் திரும்பக் கொண்டுபோக நிணநீர்க் குழாய் என்ற மெல்லிய வடிகால்கள் உண்டு. அவை கெட்டுப்போனால் காலில் நீர் தேங்கும். யானைக்கால் நோயில் நடப்பது இதுதான். கொசு வழியாக வரும் நூல் போன்ற புழு அந்த வடிகாலில் குடியேறிக் கெடுத்துவிடுகிறது. நம் மாநிலத்தில் கடலோர மாவட்டங்களிலும் காவிரிக் கழிமுகத்திலும் இது மிகுதியாக இருந்தது. ஆனால் வீங்கிய கால் எல்லாம் யானைக்கால் அல்ல. நாளெல்லாம் நின்றே வேலை செய்து நரம்பு சுருட்டிக்கொண்ட கால் இருக்கிறது. இருதயம், சிறுநீரகம், ஈரல் கெட்டு இரண்டு காலும் வீங்குவது இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்து, பிறகு வற்றாமலே நின்றுவிட்ட தாய்மார்கள் இருக்கிறார்கள். அது அந்தக் காலத்தில் இரத்தம் கட்டிய கால். இப்படிப்பட்டவர் எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், இருபது வருஷத்துக்கு முந்தைய கதையானாலும், டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு தடவை கட்டியவருக்கு மறுபடி கட்டுவது சுலபம்.

வீங்கிய காலோடு இடுப்பு ஆபரேஷனுக்குப் போகிறவருக்கு இரண்டு ஆபத்து மற்றவரைவிட அதிகம். ஒன்று நான் சொன்ன இரத்தக் கட்டி. மற்றொன்று சீழ்.

நீர் தேங்கிய காலின் தோல் பித்தவெடிப்பாய் வெடிக்கும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்துகொண்டேயிருக்கும். கிருமி நுழைய அதுதான் வாசல். நுழைந்த கிருமியை எதிர்க்கிற சக்தியும் அந்தக் காலில் குறைவு. வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை குளிர் காய்ச்சல் வந்து, கால் சிவந்து, தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இதுதான். "காத்து பட்டுடுச்சு, கண்ணு பட்டுடுச்சு" என்று சொல்லி வேப்பிலை அடிக்கிறோம். அடியுங்கள், நான் தடுக்கவில்லை; அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கும் வாருங்கள்.

இப்போது இடுப்பில் உலோக மூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலில் நுழைந்த கிருமி இரத்தத்தோடு போய் அந்த உலோகத்தின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஓடைக் கல்லில் பாசி படிவதைப் பார்த்திருப்பீர்கள், எத்தனை தண்ணீர் ஓடினாலும் போகாது. அதுபோல உலோகத்தின்மேல் ஒரு வழவழப்பான படலம் போட்டுக்கொண்டு கிருமி உள்ளே இருக்கும். ஊசி மருந்து அதற்குள் போகாது. மறுபடி கிழித்துக் கழுவ வேண்டும். சில பேருக்குப் பொருத்திய மூட்டையே எடுக்க வேண்டிவரும். சார்ன்லி டாக்டரின் ஆரம்ப காலத்தில் நூற்றுக்குச் சுமார் 7 பேருக்குச் சீழ் பிடித்தது. ஆபரேஷன் அறைக்குள் வடிகட்டிய சுத்தக் காற்று வர ஏற்பாடு செய்து, உடை, கையுறை எல்லாவற்றிலும் கண்டிப்பாக இருந்து, அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே அவர் இறக்கிக் காட்டினார். இன்றும் பொதுவாக நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் வருகிறது. ஆனால் நிணநீர் தேங்கி வீங்கிய காலுடையவர்களைத் தனியாகக் கணக்கெடுத்துப் பார்த்த அமெரிக்க மேயோ மருத்துவமனை டாக்டர்கள், இவர்களுக்குச் சீழும் மறு ஆபரேஷனும் மற்றவரைவிட அதிகமாக வருவதைக் கண்டிருக்கிறார்கள். ஆபரேஷன் அறைக் காற்றை டாக்டர் சுத்தம் செய்து தருவார். விரல் இடுக்கை யார் சுத்தம் செய்வது? நாம்தானே?

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பிரேசில் நாட்டில் ரெசிஃபே நகரத்தில் ஜெருசா டிரையர் என்ற பெண் டாக்டர் 1990-களில் யானைக்கால் நோயாளிகளை வைத்து இதைத்தான் காட்டினார். அடிக்கடி வரும் குளிர் காய்ச்சலுக்குத் தோல் வெடிப்பு வழியே நுழைகிற பாக்டீரியாக் கிருமிதான் முக்கிய காரணம். சோப்பும் தண்ணீரும் போட்டுத் தினமும் கழுவித் துடைத்தாலே அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இன்று இதையே சொல்லிக் கொடுக்கிறது. விலையுயர்ந்த மருந்து இல்லை. சோப்பு, தண்ணீர், ஒரு பழைய மெல்லிய துணி, போதுங்க.

ஆகவே நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷனாக இருந்தால், அதற்கு முன்னால் காலைச் சரிபண்ணிக்கொள்ள வேண்டும். காலில் திறந்த புண்ணோ, சிவப்போ, காய்ச்சலோ இருக்கும்போது "தேதி போய்விடுமே" என்று மறைத்துக்கொண்டு போய்ப் படுக்காதீர்கள். நர்ஸ் அம்மாவிடம் விரல் இடுக்கை விரித்துக் காட்டுங்கள். டாக்டர் தள்ளிப்போட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் நல்லதுதான் செய்கிறார். நீரிழிவு இருந்தால் சர்க்கரை அளவை இறக்கிக்கொள்ள வேண்டும். பீடியையும் நிறுத்த வேண்டும். முந்தின நாள் வீட்டில் பிளேடால் மழித்துக்கொண்டு போகாதீர்கள். அந்தக் கீறலும் கிருமிக்கு வாசல்தான். சூடு ஒத்தடம் கொடுப்பது, பச்சிலை அரைத்துக் கட்டுவது, கீறி இரத்தம் எடுப்பது எதுவும் வீங்கிய காலுக்கு வேண்டாம். குளிருக்கு நெருப்பு மூட்டிக் காயும்போதும் அந்தக் காலைத் தள்ளியே வையுங்கள். அதில் உணர்ச்சி மந்தம், வெந்த பிறகுதான் தெரியும்.

ஆனால் விழுந்து எலும்பு ஒடிந்தவருக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. கால் வீங்கியிருக்கிறது என்பதற்காக வீட்டில் வைத்துக் கட்டுப் போட்டுப் பார்த்து நாளைக் கடத்தக் கூடாது. தொடை எலும்பின் கழுத்து ஒடிந்தால் கட்டுப் போட்டுக் கூடுவது அரிது. படுத்துக் கிடந்தால் முதுகுப் புண்ணும் சளியும் ஆளைத் தின்றுவிடும். அன்றே 108-க்குச் சொல்லி இறக்குங்கள். கால் வீக்கத்தைப் பற்றி அங்கே போய்ச் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெண்களுக்கு இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் இரத்தம் கட்டும் தன்மையைக் கூட்டும். மற்ற நாளில் பெரும்பாலோருக்கு அதனால் தொல்லை இல்லை. பெரிய ஆபரேஷனுக்கு நாள் குறித்தால் மட்டும் நான்கு வாரம் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு நிறுத்திவிட்டு, அந்தக் காலத்தில் கணவர் நிரோத் உபயோகிக்க வேண்டும். முன்பே இரத்தம் கட்டிய காலுடையவர் அந்த மாத்திரையை எப்போதுமே சாப்பிடக் கூடாது. காப்பர்-டி போன்ற வேறு வழி கேளுங்கள். அவசர ஆபரேஷனாக இருந்தால் "மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மாமியார் பக்கத்தில் இருக்கிறாரே என்று மறைக்க வேண்டாம்.

இன்னொன்று மெட்டி. கால் வீங்க வீங்க மெட்டி விரலை இறுக்கிக் கடிக்கும். அதற்கடியில் ஈரம் நின்று புண்ணாகும். கழற்றினால் ஆகாது என்று பயப்படுகிறீர்கள். ஒரு தாய் என்னிடம், "அவர் போட்டதை நான் எப்படிங்க கழட்டுறது?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் கணவர், "நானே போட்டேன், நானே கழட்டுறேன்" என்று உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றிவிட்டார். அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவு தோல் வெந்து கிடந்தது. வராவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஆசாரியிடம் கொடுத்தால் மறுபடி செய்து தருவார்.

இனி ஆபரேஷனுக்குப் பிறகு. இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதை யோசிப்பதே இல்லை. புது மூட்டு பொருத்திய முதல் மூன்று மாதம் குனிந்து பாதத்தைத் தொடக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்திலிருந்து நழுவிவிடும். நழுவினால் கால் குட்டையாகித் திரும்பிக்கொள்ளும், நிற்க முடியாது. ஆனால் வீங்கிய காலையோ தினமும் விரல் இடுக்கு வரை கழுவ வேண்டும். குனியவும் கூடாது, கழுவவும் வேண்டும் என்றால் எப்படி? இன்னொரு ஆள்தான் கழுவ வேண்டும். அந்த இன்னொரு ஆள் யார்? வாழ்க்கைத் துணைதான்.

கணவருக்கு ஆபரேஷன் என்றால் மனைவி இதைச் சொல்லாமலே செய்துவிடுகிறார். மனைவிக்கு ஆபரேஷன் என்றால்தான் தகராறு. "பொம்பளை காலை நான் கழுவுறதா, ஊர் என்ன பேசும்?" என்கிறார்கள். ஐயா, கல்யாணத்தன்று அம்மிமேல் வைத்த அந்தக் காலைப் பிடித்துத்தானே மெட்டி போட்டீர்கள்? ஊரே பார்க்கத்தானே போட்டீர்கள்? ஊருக்காக வெட்கமாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கழுவுங்கள். கால் மணி நேரம் போதும். ஆபரேஷன் ஆனவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் இடுப்பைவிட உயராமல் பார்த்துக்கொண்டு, வாளியில் கைபொறுக்கும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். வெடிப்பு இருந்தால் அன்றே களிம்பு. நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டாதீர்கள். ஆபரேஷன் புண்ணில் மட்டும் டாக்டர் சொல்லும் வரை தண்ணீர் படக் கூடாது.

பாயில் படுத்துப் பழகியவருக்கு மூன்று மாதமாவது கட்டில் வேண்டும். கடன் வாங்கியாவது ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். தாழ்வாக இருந்தால் காலுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தலாம். படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் காலைச் சற்று தூக்கி வைக்கலாம். வெறும் முழங்காலுக்கு அடியில் மட்டும் சுருட்டி வைக்காதீர்கள். இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு தலையணை இருக்கட்டும். தையல் மிஷின் மிதிப்பதுபோலப் பாதத்தை மேலும் கீழும் அடிக்கடி ஆட்ட வேண்டும். இறுக்கும் துணிக்கட்டு, சாக்ஸ் ஆகியவற்றை டாக்டர் அளவு பார்த்துச் சொன்னால்தான் போட வேண்டும். சுருண்டு ஒரே இடத்தில் கயிறுபோல இறுக்கினால் உள்ளதும் கெடும். குந்துகிற கழிப்பறை ஆகாது. ஒரு பழைய நாற்காலியின் நடுவில் துளை போட்டு, ஆடாமல் நிறுத்தி, ஒரு வீட்டில் அழகாக ஏற்பாடு செய்திருந்தார்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

இரத்தம் கட்டாமல் இருக்கிற மருந்து பெரும்பாலும் ஒரு மாதம், ஐந்து வாரம் வரைக்கும் எழுதித் தருவார்கள். தையல் பிரித்தாயிற்று, நடக்கிறார், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்தாதீர்கள். சீட்டில் எழுதியிருக்கிற கடைசி நாள்வரை கொடுங்கள். மலத்தில், சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, புண்ணில் இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே கேளுங்கள்.

இப்போது அந்த நூல் விஷயத்துக்கு வருகிறேன். பழைய வீக்கம் எது, புது வீக்கம் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. நானே ஏமாந்தவன். ஆகவே அளக்க வேண்டும். பூக்கட்டுகிற நூல் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கணுக்கால் மொழிக்கு மேலே நான்கு விரல் அளந்து பேனாவால் ஒரு புள்ளி. கெண்டைக்காலில் தடித்த இடத்தில் இன்னொரு புள்ளி. நூலை இறுக்காமல் சுற்றி, ஒன்றாய்ச் சேருகிற இடத்தில் முடிச்சு. இரண்டு காலுக்கும், இரண்டு இடத்துக்கும், ஆக நான்கு நூல். இதை ஆபரேஷனுக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்த அன்று மறுபடி அளந்து புது முடிச்சுப் போடுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் வீக்கம் கூடுவது சகஜம். அதனால் வந்த அன்றைய முடிச்சுதான் கணக்கு. பிறகு தினமும் காலையில் படுக்கையைவிட்டு எழுமுன் அதே நேரத்தில் அளக்க வேண்டும். முடிச்சு ஒரு விரக்கடைக்குமேல் தள்ளிப் போனால் அன்றே ஆஸ்பத்திரி. அளவு கூடாவிட்டாலும் கெண்டைக்காலில் புதிதாய் வலி, சூடு, சிவப்பு இருந்தால் அதுவும் அன்றே. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ நூலைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நம் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் போக வேண்டும். நமக்கு நேரம் மற்றவரைவிடக் குறைவு.

போன வருஷம் ஒரு வீட்டுக்காரர் நான்காம் நாளே நூலோடு நர்ஸ் அம்மாவிடம் வந்துவிட்டார். மனைவிக்கு வலி ஒன்றும் பெரிதாக இல்லை. "முடிச்சு தள்ளிப் போச்சுங்க" என்று மட்டும் சொன்னார். கீழே அனுப்பி ஸ்கேன் எடுத்ததில் தொடையில் இரத்தக் கட்டி இருந்தது. மருந்து கொடுத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். இந்தப் பருவம் அந்த அம்மா பழம் தரம் பிரிக்கிற வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில்தான் உட்காருகிறார், அதை மேஸ்திரியிடம் சொல்லி வாங்கியதும் அந்தக் கணவர்தான்.

புண்ணிலிருந்து நீர் கசிவதையும் சொல்ல வேண்டும். வீங்கிய உடம்பில் தையல் சீக்கிரம் ஒட்டாது, நீர் கசியும். வீட்டுக்கு வந்த பிறகும் துணி நனைந்துகொண்டிருந்தால் "நீர்தானே, சீழ் இல்லையே" என்று இருக்காதீர்கள். நீர் கசிகிற வழியில்தான் கிருமி உள்ளே போகிறது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு மூடி மறைக்காமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்ட வேண்டும்.

இந்தக் கவனம் மூன்று மாதத்தோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தால் தவறு. ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் நன்றாக நடந்தார். மழைக்காலத்தில் வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போய்ச் சேற்றுப்புண், அதிலிருந்து குளிர் காய்ச்சல். மூன்று நாள் கஷாயம் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். காய்ச்சல் நின்றது, இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. மறுபடி திறந்து கழுவி, வாரக்கணக்கில் ஊசி போட்டுத்தான் மூட்டைக் காப்பாற்றினார்கள். ஆகவே செருப்பு, மழையில் மூடிய செருப்பு, வேலை முடிந்து வந்ததும் கழுவல், இது ஆயுசுக்கும். காலில் சிவப்பும் காய்ச்சலும் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து, "எனக்கு இடுப்பில் மூட்டு வைத்திருக்கிறது" என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.

தம்பதியர் கூட்டம் என்பதால் ஒன்றை வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்க நினைத்தும் யாரும் கேட்பதில்லை. தாம்பத்திய உறவு கெட்டுப்போகாது. புண் ஆறி, டாக்டர் சரியென்ற பிறகு, பொதுவாக ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள், மறுபடி தொடங்கலாம். ஆபரேஷன் ஆனவர் மல்லாந்து படுத்த நிலையே பாதுகாப்பு. காலை மடக்கி உள்பக்கம் திருப்பக் கூடாது. இளம் வயதில் மூட்டு மாற்றிய பெண் பிள்ளை பெறவும் தடை இல்லை. கர்ப்பமானதும் கிராம சுகாதார செவிலியரிடம் இந்த ஆபரேஷன் விவரத்தைச் சொல்லிப் பதிந்துகொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் கால் வீக்கம் கூடும், இரத்தம் கட்டவும் வாய்ப்பு அதிகம்.

ஒரு அம்மா போன கூட்டத்தில் கேட்டார்: "ஐயா, ஆபரேஷன் என் வீட்டுக்காரருக்கு. நான் வேலைக்குப் போகலைன்னா அடுப்பு எரியாது. பகல்ல யார் பார்ப்பா?" நியாயமான கேள்விதான். கழுவுவதும் அளப்பதும் விடியற்காலை வேலை. நீங்கள் கிளம்புமுன் முடித்துவிடலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லித்தர ஏற்பாடு செய்யப்பட்டது. செவிலியரிடம் பெயர் கொடுத்துக் கேளுங்கள். பகலில் பக்கத்து வீட்டில் ஒருவரிடம், மூச்சு வாங்கினால் 108 என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். கைப்பேசி அவர் கட்டிலில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும்.

இதோ மேசைமேல் ஒரு நூல்கண்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு இரண்டு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேயே அளந்து பழகிவிடலாம். கணவர் மனைவியின் காலை அளக்கட்டும், மனைவி கணவரின் காலை. அந்த ஓரத்தில் சிரிச்சுக்கிட்டு நிக்கிற தம்பி, நீங்கதான் முதல்ல. வாங்க.